கர்ணம் காணும் கணக்கு: ஓலைக்கணக்கு முதல் குலசேகரன்பட்டினம் ஏவுதளம் வரை செங்கோண முக்கோணத்தின் தென்பாண்டி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இன்றிக் காணும் ஒரு தமிழ் விதி, பிதாகரசுத் தேற்றத்துக்கு முற்பட்ட தமிழரின் கண்டுபிடிப்பாக இன்று பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. அவ்விதி எந்த முக்கோணங்களுக்குச் சரியாக அமைகிறது, எவற்றுக்குத் தவறுகிறது, யாருடைய தேவைக்கு அது போதுமானதாக இருந்தது என்பவற்றை இக்கட்டுரை கணக்கிட்டுக் காட்டுகிறது. தொடர்ந்து, 19ஆம் நூற்றாண்டு முக்கோணவியல் நில அளவை தென்பாண்டி நாட்டை அடைந்தபோது அதே வடிவம் எவ்வகைத் துல்லியத்தைக் கோரியது என்பதும், குலசேகரன்பட்டினத்தில் அமையும் ஏவுதளத்தின் தேவையில் அது எவ்வாறு மீண்டும் வருகிறது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கர்ணம், கணக்கதிகாரம், சுல்பசூத்திரம், லாம்டன், அடிக்கோடு, புலப்படம், குலசேகரன்பட்டினம்

1. வினா

செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் தெரிந்தால் மூன்றாவதைக் காணலாம் என்பது இன்று பள்ளிப் பாடம். பாடநூல் வழி இருபக்க வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுப்பது. அதற்கு மாற்றாக, போதாயனர் என்றும் போதையனார் என்றும் சுட்டப்படும் ஒருவர் பெயரில் ஒரு தமிழ்ப் பாடல் மேடைகளிலும் பள்ளி விழாக்களிலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. அதன் கருத்து எளிது. கிடையாக ஓடும் நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளுக, எஞ்சியதோடு உயரத்தின் பாதியைச் சேர்க்க, வருவது கர்ணம். இதனைச் சொல்வோர் பெரும்பாலும் ஓர் எடுத்துக்காட்டே தருவர். கிடை 4, உயரம் 3 எனில், நான்கில் எட்டில் ஒரு பங்கு அரை, அதைத் தள்ள மூன்றரை, உயரத்தின் பாதி ஒன்றரை, கூட்ட 5. விடை சரி. எனவே தமிழர் பிதாகரசுக்கு முன்பே, வர்க்கமும் மூலமும் இல்லாமலே இதனைக் கண்டனர் என்று முடித்துவிடுவர்.

இம்முடிவில் இரு கூற்றுகள் பின்னியுள்ளன. ஒன்று கணிதக் கூற்று: விதி எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்தும் என்பது. மற்றொன்று வரலாற்றுக் கூற்று: அது மிகப் பழமையானது என்பது. இரண்டையும் பிரித்து ஆராய்தல் வேண்டும். பிரித்து ஆராயாமையால், பெருமைப்படத்தக்க உண்மையான பகுதி எது என்பதே மறைந்து போயிற்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. விதியும் அதன் எல்லையும்

விதியை இன்றைய முறையில் சொன்னால், கர்ணம் என்பது கிடையின் 7/8 பங்கும் உயரத்தின் 1/2 பங்கும் சேர்ந்தது. இது உண்மையான கர்ணத்துக்கு எப்போது சமமாகும்? இரண்டின் வர்க்கங்களையும் சமப்படுத்தி, உயரத்துக்கும் கிடைக்கும் உள்ள விகிதத்தை மாறியாகக் கொண்டு சுருக்கினால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது: விகிதத்தின் வர்க்கத்தை 48ஆல் பெருக்கி, விகிதத்தின் 56 மடங்கைக் கழித்து, 15ஐக் கூட்டினால் சுழி. இதற்கு இரண்டே தீர்வுகள். ஒன்று 3/4, மற்றது 5/12. அதாவது விதி முற்றிலும் சரியாக அமைவது 3, 4, 5 என்னும் முக்கோணத்துக்கும், 5, 12, 13 என்னும் முக்கோணத்துக்கும், அவற்றின் மடங்குகளுக்கும் மட்டுமே. வேறு எந்த முக்கோணத்துக்கும் அது முழுச் சரியான விடை தராது.

தவறு எவ்வளவு என்பதே பயனுள்ள அடுத்த வினா. 8, 15, 17 என்னும் முக்கோணத்துக்கு விதி தருவது 17.125, மிகை முக்கால் விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. 7, 24, 25க்குத் தருவது 24.5, குறை 2 விழுக்காடு. 20, 21, 29க்கு 28.375, குறை 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இரு பக்கங்களும் சமமான முக்கோணத்தில், பக்கம் 1 எனில், விதி 1.375 என்கிறது, உண்மை 1.4142. குறை ஏறத்தாழ 2.8 விழுக்காடு. உயரம் மிகச் சிறிதாகித் தரையோடு தரையானால் நிலைமை மோசமாகிறது. கிடை 100, உயரம் 1 எனில் கர்ணம் 100ஐவிட நூலிழை மிகுதியாக இருக்க வேண்டும். விதியோ 88 என்கிறது. கர்ணம் தன் அடிப்பக்கத்தைவிடச் சிறிதாகிவிடுகிறது. இதைக் காண ஒரு கயிறு போதும், கணிதம் தேவையில்லை.

ஆனால் விகிதம் 5/12க்கும் 3/4க்கும் இடையில் இருக்கும்வரை, அதாவது சாய்வு ஏறத்தாழ 22.6 பாகைக்கும் 36.9 பாகைக்கும் இடைப்பட்டிருக்கும்வரை, விதியின் மிகை 0.8 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ஓட்டுக்கூரையின் சாய்வும் குளக்கரையின் சரிவும் பெரும்பாலும் விழும் இடைவெளி இதுவே. இரண்டுக்கு ஒன்று என்னும் கரைச் சரிவில் விதி 2.25 தருகிறது, உண்மை 2.236. பத்து முழக் கைமரத்தில் இப்பிழை முழத்தில் பதினாறில் ஒரு பங்குதான். வெட்டும்போது மரத்தைச் சற்று மிகுத்தே விடும் தச்சருக்கு அது பிழையாகவே தோன்றாது. மிகையாக வருவதும் அவருக்குச் சாதகமே. குறைந்த மரத்தை நீட்ட முடியாது.

7/8, 1/2 என்னும் எண்கள் எங்கிருந்து வந்தன? இரு முக்கோணங்களையும் வைத்துக்கொண்டு, வர்க்கமூலம் இல்லாமல் இரு பக்கங்களின் பங்குகளைக் கூட்டிக் கர்ணம் காண முயல்வோம். நான்கின் ஏதோ ஒரு பங்கும் மூன்றின் ஏதோ ஒரு பங்கும் கூட்ட 5 வர வேண்டும். பன்னிரண்டின் அதே பங்கும் ஐந்தின் அதே பங்கும் கூட்ட 13 வர வேண்டும். முதலாவதை மும்மடங்காக்கி இரண்டாவதைக் கழித்தால், உயரத்தின் பங்கு 1/2 என்றும், பின்னர் கிடையின் பங்கு 7/8 என்றும் தாமே வந்து விழுகின்றன. வேறு விடைக்கு இடமில்லை. விதியை ஆக்கியவர் இவ்வாறே கண்டார் என்று கணக்கு மட்டும் நிறுவிவிடாது. எட்டில் ஒன்று, இரண்டில் ஒன்று என்னும் எளிய பின்னங்களைச் சோதித்துப் பார்த்தும் கண்டிருக்கலாம். எனினும் 3-4-5, 5-12-13 என்னும் இரு முக்கோணங்களையும் முன்னரே அறிந்த ஒருவரிடமிருந்து வந்த விதி இது என்பதே வலுவான ஊகம். தேற்றத்துக்கு மாற்றாக எழுந்தது என்பதைவிட, தேற்றத்தின் பயனை அறிந்தவர் தொழிலாளருக்காகச் செய்து தந்த சுருக்குவழி என்று கொள்வதே பொருந்தும்.

3. யாருடைய விதி?

வடமொழியில் சுல்பசூத்திரம் இயற்றிய பௌதாயனரின் பெயரே தமிழில் போதாயனர் ஆகும். வேள்விக் களம் அமைக்கும் முறையைக் கூறும் அந்நூலை அறிஞர் பொதுவாகப் பொ.ஆ.மு. 800க்கும் 500க்கும் இடைப்பட்டதாகக் கருதுவர். நீள்சதுரத்தின் மூலைவிட்டம் உண்டாக்கும் பரப்பு, இரு பக்கங்களும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளின் கூட்டுத்தொகை என்று அது பொதுவிதியாகவே கூறுகிறது. அதனைத் தொடர்ந்து எடுத்துக்காட்டும் பக்க இணைகளில் முதலாவது 3, 4. இரண்டாவது 12, 5. தமிழ் விதி சரியாக அமையும் இரு முக்கோணங்களும் இவையே. இவ்வொற்றுமையே பெயர்க் குழப்பத்துக்கும் வழிவகுத்திருக்கலாம்.

ஆனால் அதே நூல் சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு ஒரு தோராயமும் தருகிறது. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றைக் கூட்டி, அம்மூன்றிலொன்றின் நான்கில் ஒன்றையும் கூட்டி, கடைசியாகக் கூட்டியதன் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழிக்க வேண்டும். இது 577/408, பதின்மத்தில் 1.414216. உண்மையான மதிப்போடு ஐந்தாம் பதின்ம இடம்வரை ஒத்துவருகிறது. இத்துணை நுட்பமாகக் கணித்த ஒருவர், அதே மூலைவிட்டத்துக்கு 1.375 தரும் விதியையும் கூறினார் என்பது நம்பத்தக்கதாக இல்லை. மேலும் தமிழ்ப் பாடலின் சொல்லாட்சியும் நடையும் பிற்காலக் கணக்கு நூல்களின் நடையே. வடமொழிக் கலைச்சொல்லான கர்ணம் அதில் இயல்பாக அமர்ந்திருப்பதே, அது எக்காலத்து மரபுக்குரியது என்பதைக் காட்டப் போதும்.

ஒப்பீட்டுக்காக ஒன்றைக் கூறலாம். பாபிலோனிய களிமண் பலகையான பிளிம்ப்டன் 322, பொ.ஆ.மு. 1800 அளவில் இத்தகைய முழு எண் முக்கோணங்களைப் பட்டியலிட்டுள்ளது. யார் முந்தியவர் என்னும் போட்டியில் பிதாகரசும் வெல்லமாட்டார், பௌதாயனரும் வெல்லமாட்டார். ஆகவே அப்போட்டியை விடுத்து, விதியின் சமூக இருப்பைக் கவனிப்பதே ஆய்வுக்குப் பயன்தரும்.

4. கோலும் கயிறும்

காரிநாயனாரின் கணக்கதிகாரம் முதலிய நூல்கள் காட்டும் கணக்கு மரபு, நிலம், பொன், நெல், அரிசி, கல் எனப் பொருளுக்கேற்பக் கணக்கைப் பிரித்துக்கொண்டது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்த மாணவனுக்குப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: அரை, கால், அரைக்கால், மா, காணி, முந்திரி. எட்டில் ஒன்று அவனுக்கு அரைக்கால். எட்டில் ஏழு முக்காலே அரைக்கால். கர்ண விதியின் பின்னங்கள் இரண்டும் எண்சுவடியின் தொடக்கத்திலேயே நிற்பவை. எழுதத் தெரியாத தச்சருக்கும் தடையில்லை. கயிற்றை மும்முறை மடித்தால் எட்டுக் கூறு. 24 அங்குலமாகப் பகுக்கப்பட்ட கோலில் எட்டில் ஒன்று 3 அங்குலம். இங்கே பின்னமே தேவைப்படவில்லை. வர்க்கமூலம் எடுப்பதை விதி தவிர்த்ததன் காரணம் அறியாமை அன்று. மரத்தின் மேல் நின்றுகொண்டு மூலம் எடுக்க முடியாமைதான்.

இவ்விதியைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதை இதனைப் போற்றுவோர் பெரும்பாலும் சோதிப்பதில்லை. கர்ணமும் ஒரு பக்கமும் தெரிந்து மறுபக்கம் தெரியாத நிலை நடைமுறையில் அடிக்கடி வருவது. ஏணியின் நீளம் தெரியும், சுவரிலிருந்து அடி எவ்வளவு தள்ளியுள்ளது என்று தெரியும், உயரம் வேண்டும். கர்ணம் 17, கிடை 15 எனில், விதியின்படி உயரம் 7.75, உண்மை 8. கர்ணத்தைக் காண்கையில் முக்கால் விழுக்காடாக இருந்த பிழை, உயரத்தைக் காண்கையில் 3 விழுக்காட்டுக்கு மேலாகிவிட்டது. கர்ணம் 25, கிடை 24 எனில் விதி தரும் உயரம் 8, உண்மை 7. இரு பெரிய எண்களின் சிறு வேறுபாட்டிலிருந்து விடை எடுக்க வேண்டியிருப்பதால் பிழை பெருகுகிறது. ஆகவே இது கர்ணம் காண மட்டும் ஆன விதி; அறியப்படாத எந்தப் பக்கத்தையும் காண உதவும் தேற்றம் அன்று. தேற்றத்துக்கும் கைவினை விதிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது.

பிரமகுப்தர் 628இல் இயற்றிய நூலில் தூலக் கணக்கு, சூக்குமக் கணக்கு என்று இரண்டாகப் பிரிப்பார். நாற்கோண நிலத்தின் எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரு பாதிகளையும் பெருக்குவது தூலப் பரப்பு. நீள்சதுரம் தவிர வேறெந்த நிலத்துக்கும் இம்முறை மிகையான பரப்பையே தரும். ஒரு பக்கத்தைச் சுழியாகக் கொண்டு இதை முக்கோணத்துக்குப் பயன்படுத்தினால் மிகை இன்னும் தெளிவாகும். 3, 4, 5 அளவுள்ள செங்கோண நிலத்தின் பரப்பு 6. மூன்றையும் ஐந்தையும் எதிர்ப்பக்கங்களாகக் கொண்டால் 8 வரும். மூன்றையும் நான்கையும் கொண்டால் 8.75. நிலவரி பரப்பின் மேல் விதிக்கப்படும் நாட்டில் இந்த மிகை யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கர்ண விதியில் பிழை கைமரத்தோடு போகிறது; பரப்பு விதியில் பிழை குடியானவரின் வரியில் சேர்கிறது.

இங்கு ஒரு சொற்குறிப்பு. செங்கோண முக்கோணத்தின் கர்ணம், காது என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. ஊர்க் கணக்கரைக் குறித்த கர்ணம் வேறு சொல். கரணம் என்பதன் வழி வந்தது. 1980இல் தமிழ்நாட்டில் அப்பதவி ஒழிக்கப்படும்வரை, கர்ணத்தைக் கர்ணம் கணக்கிட்டார் என்று எழுதினாலும் பிழையில்லை.

மலைக்கு மேற்கே நிலைமை வேறாக இருந்தது. 1530 அளவில் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை, புஜம், கோடி, கர்ணம் ஆகியவற்றின் தொடர்பை நிறுவிக் காட்டும் காரணமுறையைத் தருகிறது. தமிழ்க் கணக்கு நூல்கள் விதியைத் தந்து காரணத்தை ஆசிரியரிடம் விட்டன. இரு மரபுகளின் நோக்கமும் வேறு. ஒன்று வானியல் அறிஞருக்கானது; மற்றது சந்தையிலும் வயலிலும் களத்திலும் நின்றவருக்கானது.

5. சங்கிலி ஏந்தி வந்தவர்

33ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த வில்லியம் லாம்டன், சீரங்கப்பட்டணப் போருக்குப் பின் தென்னிந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை முன்வைத்து ஒப்புதல் பெற்றார். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏழரை மைலுக்குச் சற்று மேல், 40,000 அடி. 100 அடி எஃகுச் சங்கிலியைத் தாங்கிகளின் மேல் மரப்பெட்டிகளில் நீட்டி வைத்து, வெப்பத்தால் எஃகு நீள்வதையும் கணக்கில் சேர்த்து அளந்தார்.

நம் பொருளுக்கு இங்கு முதன்மையானது சாய்வு பற்றிய செய்தி. தரை எங்கும் மட்டமாக இராது. ஆகவே சங்கிலி கிடக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு கர்ணம். வேண்டுவது அதன் கீழ் உள்ள கிடைநீளம். லாம்டன் தம் அளவையில் இவ்வாறான கர்ணங்களின் நீளத்தையும், ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கக் கோணத்தையும், கழிக்க வேண்டிய அளவையும் பட்டியலிட்டார். கர்ணமும் சாய்வும் தெரியும், கிடைப்பக்கம் தெரியாது. தமிழ் விதி மிக வலுவிழக்கும் இடம் இது. 100 அடிக்கு 1 அடி ஏறும் தரையில் கழிக்க வேண்டியது உயரத்தின் வர்க்கத்தைக் கர்ணத்தின் இரட்டிப்பால் வகுத்த ஈவு. அதாவது இருநூறில் ஒரு அடி, அங்குலத்தில் 6 நூற்றில் ஒரு பங்கு. சிறு தொகைதான். ஆனால் 40,000 அடியும் அதே சாய்வில் சென்றால் 400 முறை சேர்ந்து 2 அடி ஆகும். அடிக்கோட்டின் பிழை அதன் மேல் எழும் ஒவ்வொரு முக்கோணத்திலும் அதே விகிதத்தில் பரவும் என்பதால், 2 அடியை விட்டுவிட முடியாது.

அடிக்கோட்டுக்குப் பின் சங்கிலிக்கு வேலை குறைவு. இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள மூன்றாம் புள்ளியை நோக்கிக் கோணங்களை அளந்தால், மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அப்பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். கோணம் அளக்கும் பெருங்கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வருகையில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்று, பின் மதிப்போடு அனுப்பிவைத்த கருவி அது. சோழ மண்டலச் சமவெளியில் குன்றுகள் இல்லை. ஆகவே கோயில் கோபுரங்களே நிலையங்கள் ஆயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அக்கருவியை மேலே ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி கற்சுவரில் மோதி வளைந்தது. லாம்டன் பல வாரங்கள் உழைத்து, தம் கையாலேயே அதை மீண்டும் வட்டமாக்கினார். அதன்பின் தெற்கே வந்து, 1809இல் திருநெல்வேலிச் சீமையில் மற்றோர் அடிக்கோட்டை அளந்து கன்னியாகுமரிவரை முக்கோணங்களைக் கொண்டுசென்றார். வடக்கிலிருந்து கணக்கு வழி வந்த நீளமும் இங்கே தரையில் அளந்த நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே இவ்வடிக்கோட்டின் பயன். ஏழு ஆண்டு உழைப்புக்கு வைத்த தேர்வு என்றே இதனைச் சொல்லலாம்.

இம்முக்கோணங்கள் செங்கோண முக்கோணங்கள் அல்ல. ஆனால் விடையைத் தீர்க்கரேகை வழி மாற்றுகையில் செங்கோணம் மீண்டும் வந்துவிடுகிறது. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் எவ்வளவு வடக்கே, எவ்வளவு கிழக்கே என்று கேட்டால், இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு கர்ணம். வடதென் தொலைவும் கீழ்மேல் தொலைவும் அறியப்படாத இரு பக்கங்கள். பூமி உருண்டை ஆதலால், பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களும் கூட 180 பாகையைச் சற்றுத் தாண்டும். ஏறத்தாழ 76 சதுர மைல் பரப்புக்கு ஒரு விகலை மிகை. கைமரத்தில் எட்டில் ஒன்றைத் தள்ளிய கணக்குக்கும், விகலையைத் தள்ளாமல் வைத்துக்கொண்ட இக்கணக்குக்கும் உள்ள தொலைவை அளக்க வேறு கோல் தேவையில்லை.

இரு மரபுகளும் ஒன்றையொன்று பார்த்ததற்குச் சான்று உண்டு. லாம்டனின் துணைவராக இருந்த ஜான் வாரன், 1825இல் சென்னையில் காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணித்த தமிழர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி, மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்துள்ளார். பின்னாளில் அறிவியல் வரலாற்றாளர் நியூகபாயர் 1952இல் அப்பதிவை ஆராய்ந்து, பாபிலோனிய முறைகளின் எச்சத்தை அதில் கண்டார். அடிக்கோடு அளந்த வாரன் அந்தச் சோழிக் கணக்கை எள்ளி ஒதுக்காமல் படிப்படியாக எழுதி வைத்தார். நம் கணக்கு நூல்கள் தாமே எழுதி வைக்காத செயல்முறை, அளக்க வந்த அயலவரின் ஏட்டில் தங்கிற்று.

6. புலப்படமும் குலசேகரன்பட்டினமும்

பெருமுக்கோணங்களின் இடைவெளியை நிரப்பியது வருவாய்த் துறையின் நில அளவை. இன்றும் தமிழ்நாட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள புலப்படத்தில், நிலத்தின் ஊடே ஒரு நேர்கோடு செல்லும். எல்லைக்கல் ஒவ்வொன்றிலிருந்தும் அக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு நீளம் குறிக்கப்பட்டிருக்கும். நிலம் முழுவதும் இவ்வாறு செங்கோண முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் துண்டாகிவிடுகிறது. நேர்கோட்டில் 20ஆம் மீட்டரில் 6 மீட்டர் தள்ளி ஒரு கல், 60ஆம் மீட்டரில் அதே புறம் 36 மீட்டர் தள்ளி அடுத்த கல் எனில், இடையிலுள்ள வேலியின் நீளம் கிடை 40, உயரம் 30 கொண்ட முக்கோணத்தின் கர்ணம், 50 மீட்டர். எதிர்ப்பக்கங்களைச் சராசரியாக்கிப் பெருக்கிய பழைய மிகை இம்முறையில் இல்லை. கர்ணத்தை யாரும் நேராக அளக்காமலேயே வேலிக்கு வேண்டிய கம்பியைக் கணக்கிட்டுவிடலாம்.

பாண்டியர் காலத் துறையான குலசேகரன்பட்டினம், மாறவர்மன் குலசேகர பாண்டியனின் பெயரைத் தாங்கியதாகக் கருதப்படுவது. தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, செம்மணல் தேரிகளை ஒட்டி, முத்தாரம்மன் தசராவுக்கும் 1942 விடுதலைப் போராட்ட வழக்குக்கும் பெயர்பெற்ற ஊர். மீனவருக்கு இக்கரையின் அடையாளங்கள் திருச்செந்தூர்க் கோபுரமும் மணப்பாட்டு மணற்குன்றின் சிலுவைக் கோயிலும். கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரமுள்ள ஓர் உச்சி எவ்வளவு தொலைவுவரை தெரியும் என்பதும் செங்கோண முக்கோணக் கணக்கே. பூமியின் மையத்திலிருந்து உச்சிவரை கர்ணம். மையத்திலிருந்து அடிவானம்வரை ஒரு பக்கம். தேடும் பக்கம் பார்வைக்கோடு. விடை ஏறத்தாழ 22.6 கிலோமீட்டர். படகில் நிற்பவரின் கண் உயரம் இதனைச் சற்றுக் கூட்டும்.

2024 பிப்ரவரி 28 அன்று இங்கு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி ஆகிய ஊர்ப்பகுதிகளில் 2,200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதற்காக எடுக்கப்பட்டது. நிலம் எடுக்கையில் ஒவ்வொரு குடும்பத்தின் இழப்பீடும் புலப்படத்தின் செங்குத்து நீளங்களிலிருந்து பெறப்பட்ட பரப்பையே நம்பியிருந்தது. தூலமா சூக்குமமா என்னும் பிரமகுப்தரின் பாகுபாடு இங்கு ரூபாயில் எண்ணப்படுகிறது.

ஏவுதளம் இங்கு வருவதற்குக் காரணம் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதுதான் என்று மேடைகளில் கூறப்படுவதுண்டு. இங்கிருந்து ஏவத் திட்டமிடப்படும் எஸ்.எஸ்.எல்.வி. வகைச் சிறு ஏவுகலங்கள் துருவச் சுற்றுப்பாதையை நாடுபவை. அவற்றுக்குப் பூமியின் சுழற்சி உதவி செய்வதில்லை. சற்றே இடையூறு செய்கிறது. குலசேகரன்பட்டினத்தின் அகலாங்கு ஏறத்தாழ 8.4 பாகை. அங்கே தரை கிழக்கு நோக்கி விநாடிக்கு ஏறத்தாழ 460 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. 500 கிலோமீட்டர் உயரத் துருவப்பாதைக்கு விநாடிக்கு ஏறத்தாழ 7,600 மீட்டர் வேகம் நேர் தெற்காக வேண்டும். கிழக்கு வேகத்தை முற்றிலும் ஈடுசெய்தாக வேண்டும் என்பதால் ஏவுகலம் தர வேண்டிய வேகம், 7,600ஐயும் 460ஐயும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம். லாம்டன் சங்கிலிக்குச் செய்த திருத்தத்தின் அதே வடிவம் இங்கும் போதும்: 460இன் வர்க்கத்தை 7,600இன் இரட்டிப்பால் வகுக்க ஏறத்தாழ 14. ஆகவே கர்ணம் 7,614. சுழற்சியால் நேரும் கூடுதல் சுமை விநாடிக்கு 14 மீட்டர் மட்டுமே. சீஹரிகோட்டாவில் தரையின் வேகம் ஏறத்தாழ 452 மீட்டர். இரு தளங்களுக்கும் இவ்வகையில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

வேறுபாடு இலங்கையால் வருகிறது. சீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் கலத்தின் பாதை இலங்கைக்கு மேலே செல்லும். எரிந்து கழியும் அடுக்குகள் மக்கள் வாழும் நிலத்தில் விழக்கூடும். ஆகவே பி.எஸ்.எல்.வி. கலங்கள் தென்கிழக்காக, வடக்கிலிருந்து 140 பாகைத் திசையில் கிளம்பி, தீவைத் தாண்டிய பின் தெற்கே திரும்புகின்றன. திரும்புவதற்கான விலையையும் ஒரு முக்கோணம் சொல்கிறது. வேகம் மாறாமல் திசை மட்டும் மாறினால், பழைய வேகமும் புதிய வேகமும் இருசமபக்க முக்கோணத்தின் சமபக்கங்கள். நடுவே ஒரு செங்குத்தை இறக்கினால் இரு செங்கோண முக்கோணங்கள். அவற்றில் வேகமே கர்ணம். திருப்பத்துக்கு வேண்டியது எதிர்ப்பக்கத்தின் இரு மடங்கு. எடுத்துக்காட்டுக்காக, விநாடிக்கு 2,000 மீட்டர் வேகத்தில் 20 பாகை திரும்புவதாகக் கொள்வோம். பாதிக் கோணம் 10 பாகை. அதன் சைன் 0.1736; 2,000ஆல் பெருக்க ஏறத்தாழ 347; இரு மடங்கு ஏறத்தாழ 694. சுழற்சியை ஈடுசெய்ய 14 மீட்டர் போதுமாயிருக்க, திருப்பம் ஒன்றுக்கே ஏறத்தாழ 700 மீட்டர். பெரிய கலம் இச்சுமையைத் தாங்கும், ஆனால் எஸ்.எஸ்.எல்.வி.யின் தாங்குதிறனே 500 கிலோ அளவு ஆதலால், இவ்வேகத்துக்கான எரிபொருள் செயற்கைக்கோளின் எடையிலிருந்தே கழிக்கப்படும். குலசேகரன்பட்டினத்துக்கு நேர் தெற்கே திறந்த கடல். இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது.